இருநூறு சொன்ன பொய்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் 500 என்ற எண்ணைக் கண்டால் பதறுகிறீர்கள். போன கிழமை உங்களோடு ஒருநாள் இருந்து பார்த்தேன். திரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்ததும் மூன்று பேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டீர்கள். எழும்பத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வேலையிலேயே தலை நரைத்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். என் வாழ்க்கையில் ஆகப் பெரிய தவறை எனக்கு மறைத்து வைத்திருந்த எண் 200.

இதை உங்கள் வீட்டில் உள்ளவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். நாம் போனில் ஒரு பொத்தானை அமத்தினால் அந்தக் கேள்வி எங்கேயோ இருக்கும் ஒரு சேர்வருக்குப் போகிறது. சேர்வர் அனுப்பும் பதிலின் முதல் வரியில் மூன்று இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். 200 என்றால் எல்லாம் சரி, சொன்னதைச் செய்துவிட்டேன். 500 என்றால் என்னிடத்தில் ஏதோ உடைந்துவிட்டது. 503 என்றால் இப்போது என்னால் ஏலாது, பிறகு வா. கேட்டவர் எண்ணை மட்டும் பார்த்தே மிச்சத்தை முடிவு செய்துகொள்வார். அந்த எண்ணைச் சரியாகச் சொல்வதுதான் நம்முடைய தொழிலில் பாதி.

நான் புளியங்கூடலைச் சேர்ந்தவள். கொழும்பில் நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்குத் திரும்பி வந்த பிறகு நடந்தது இது. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு சங்கம் படகு விட்டுக்கொண்டிருந்தது. காலைப் படகில் எட்டு இருக்கைகளை நோயாளிகளுக்கென்று ஒதுக்கி, இறங்குதுறையில் அவர்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வான் வண்டியும் வைத்திருந்தார்கள். முதல்நாள் பின்னேரம் நான்கு மணிக்குள் பதிய வேண்டும். பதியாத இருக்கைகள் மற்றச் சனத்துக்குப் போய்விடும். படகில் அளவுக்கு மேல் ஒரு ஆளைக்கூட ஏற்ற மாட்டார்கள். கடலில் அந்தக் கண்டிப்பு வேண்டியதுதான்.

அந்தப் பதிவைப் போனில் செய்யும்படி அமைத்துக் கொடுத்தது எங்கள் நிறுவனம். போனில் வரும் பக்கத்தை இன்னொருவர் செய்தார். சேர்வர் முழுவதும் என்னுடையது. நெடுந்தீவில் போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பதில் வரத் தாமதமானால் சனம் பொறுமையிழந்து இரண்டு மூன்று தரம் அமத்தும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேள்வி வந்தவுடனேயே பதிலின் முதல் பகுதியை அனுப்பிவிடுவது, பெயரைப் பட்டியலில் எழுதுவதை அதற்குப் பின்னால் செய்வது. பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. சங்கத்துக்காரர் மகிழ்ந்துபோனார்கள். எங்கள் நிறுவனத்தை நடத்திய பணிப்பாளர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து என்னைப் பாராட்டினார். போன் பக்கத்தைச் செய்தவர் ஒருநாள் என்னிடம் வந்து கேட்டார்: "அக்கா, 200 வந்தாப் போதுமோ, மிச்சத்தையும் வாசிச்சுப் பாக்கவோ?"

"200 காணும், மிச்சம் பாக்கத் தேவையில்லை" என்றேன். அவர் 200 கண்டவுடன் ஒரு பச்சைச் சரி அடையாளம் போடும்படி செய்தார்.

குறிகட்டுவான் இறங்குதுறை அலுவலகத்தில் இருந்தவர் குணம் அண்ணை. பக்கத்து மடத்துவெளி ஆள், ஐம்பது வயதைத் தாண்டியவர். இளமையில் தெற்கில் ஒரு நகரத்தில் உறவினரின் கடையில் நின்றுவிட்டு ஊருக்கு வந்தவர். பட்டியலைப் பார்த்துப் படகோட்டிக்குப் போனில் ஒவ்வொரு பெயராகச் சொல்வது அவருடைய வேலை. வர முடியாதவர்கள் அவருக்குப் போன் பண்ணிச் சொன்னால் அவர்களுடைய பெயரை அழிப்பார். அழிக்கும் பொத்தான் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. யார் எப்போது எதை அழித்தார் என்று சேர்வர் குறித்து வைக்காது. அதைக் குறிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவும் என் தவறுதான், ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

நெடுந்தீவில் தவமணி அக்கா என்று ஒருவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமையில் இரண்டு தரம் யாழ்ப்பாணம் வந்து இரத்தம் சுத்திகரித்துப் போகிறவர். ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அவர் பதிந்தார். பச்சைச் சரி வந்தது. செவ்வாய் காலையில் துறைக்குப் போனால் படகோட்டியின் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. படகில் இடமும் இல்லை. அடுத்த படகில் ஏறி வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அவருக்குக் குறித்த நேரம் கடந்துவிட்டது. மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். அன்றிரவு அவருக்கு மூச்செடுக்க ஏலாமல் போய், எட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். பிழைத்தார். பிழைத்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அந்தப் பயத்தோடு மிச்சத்தை வாசிக்க வேண்டாம்.

சங்கம் விசாரணைக் கூட்டம் போட்டது. என்னைக் கேட்டார்கள்: அந்த அம்மாவின் பதிவு சேர்வருக்கு வந்ததா? நான் பதிவுக் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் சேர்வர் ஒரு வரி எழுதி வைக்கும். நேரம், என்ன கேட்டார், என்ன எண் சொன்னோம், பதில் எவ்வளவு நீளம். திங்கட்கிழமை மூன்றேகால் மணிக்கு அவருடைய வரி இருந்தது. எண் 200.

"வந்திருக்கு. ஏத்தியும் இருக்கு" என்று கூட்டத்தில் சொன்னேன்.

"அப்ப பட்டியலிலை ஏன் இல்லை?"

"ஏத்தின பேர் தானா இல்லாமல் போகாது. ஆரும் அழிச்சால்தான் போகும்."

நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை. அழிக்கும் பொத்தான் யாரிடம் இருக்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலைப் படகின் எட்டாவது இருக்கையில் வந்தவர் குணம் அண்ணையின் மச்சாள். ஒரு கலியாண வீட்டுக்கு வந்திருந்தார். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

குணம் அண்ணை எழும்பி ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "அந்தப் பேர் எனக்கு வரவேயில்லை."

நான் அவரைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த 200 ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை வேலையை விட்டு நிற்பாட்டினார்கள். தன்னுடைய பொருட்களை எடுக்க அவர் துறைக்குப் போன நாளில்தான் தவமணி அக்காவும் ஆஸ்பத்திரியில் இருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். படகுக்கு நின்ற சனம் முழுவதற்கும் முன்னால் அவர் குணம் அண்ணையைப் பார்த்து, "என்ரை உயிரைக் குடுத்தே உன்ரை மச்சாளைக் கலியாணத்துக்கு அனுப்பினனீ?" என்று கத்தினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குணம் அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

பணிப்பாளர் சொல்லி, அழிக்கும் பொத்தானை நான் எடுத்துவிட்டேன். இனி யாரும் எந்தப் பெயரையும் அழிக்க ஏலாது என்று சங்கத்துக்கு எழுதியும் கொடுத்தேன். பிரச்சினை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, நயினாதீவு அம்மன் கோவில் திருவிழா தொடங்கியிருந்த நேரம், ஒரு வியாழக்கிழமை காலை துறையில் இருந்து போன் வந்தது. குணம் அண்ணையின் இடத்துக்கு வந்த பெண் பேசினார். கண் கிளினிக்குக்கு வர வேண்டிய ஒரு வயோதிபர் பச்சைச் சரியோடு போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நெடுந்தீவுத் துறையில் நின்றாராம். பட்டியலில் பெயர் இல்லை.

பணிப்பாளர் பக்கத்தில் நின்றார். "அந்தப் பிள்ளை புதுசு. பிழையா ஏதும் அமத்தியிருக்கும்" என்றார்.

"எதை அமத்துறது, சேர்? அழிக்கிற பொத்தானே இல்லை. நான்தானே எடுத்தனான்."

அதைச் சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அழிக்க வழியில்லாத பட்டியலில் இருந்து ஒரு பெயர் காணாமல் போக ஏலாது. அப்படியென்றால் அந்தப் பெயர் பட்டியலுக்கு வரவேயில்லை. குணம் அண்ணை சொன்ன அதே வசனம்.

வயோதிபரின் வரியையும் தவமணி அக்காவின் வரியையும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் 200. ஆனால் பதிலின் நீளம் மற்ற எல்லோருடையதிலும் பார்க்கக் குறைவு. மற்றவர்களுக்குப் போன பதிலின் கடைசியில் பெயரும் இருக்கை இலக்கமும் இருக்கும். இவர்கள் இருவருக்கும் போன பதில் பாதியில் நின்றிருந்தது. அந்த நீளம் முதல்நாள் தொடக்கம் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் எண்ணைக் கண்டவுடன் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

பிறகு எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் விளங்கியது. கேள்வி வந்தவுடன் என் சேர்வர் 200 என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பெயரை எழுதப் போகிறது. சனம் கூடிய நேரங்களில் எழுதுவது சில வேளை தவறிவிடும். தவறியதும் என் புரோகிராம் எண்ணை 500 ஆக மாற்றப் பார்க்கும். ஆனால் முதல் வரி ஏற்கனவே போய்விட்டது. போனதைத் திருப்பி எடுக்க ஏலாது. அந்த இடத்தில் சேர்வர் என்ன செய்ய வேண்டும் என்று நான் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். முதல் வரி போய்விட்டிருந்தால், ஒன்றும் செய்யாமல் திரும்பு. பதிவுக் கோப்பிலும் முதலில் சொன்ன 200 ஐயே எழுது. சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். போனில் பச்சைச் சரி.

இப்படிப் பாதியில் நின்ற வரிகளைத் தேடினேன். பதினொன்று இருந்தன. அந்தப் பதினொரு பேருக்கும் நானே போன் எடுத்தேன். சிலர் படகில் இடம் இருந்ததால் ஏறி வந்திருந்தார்கள். சிலர் திரும்பி வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஓர் அம்மா சொன்னார்: "நான்தான் பிழையா அமத்திப்போட்டன் எண்டு நினைச்சன் பிள்ளை. உதுகளைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை." பிள்ளைகளே, நாம் எழுதும் பிழைகளை இப்படித்தான் சனம் தங்கள் தலையில் போட்டுக்கொள்கிறது.

பணிப்பாளரிடம் போய்க் கண்டதைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேருடைய சம்பளம் அவருடைய தலையில் இருந்தது.

"சத்தமில்லாமல் திருத்துவம் யோகா. ரெண்டு நாளிலை திருத்தேலுமோ?"

"திருத்தேலும். ஆனா திருத்திச் சோதிச்சுப் பாக்க நாலு நாள் வேணும். இப்ப இந்த நிமிசமும் நாளைக்குப் பதிஞ்சுகொண்டிருக்கினம். ஆருக்குப் போற பச்சைச் சரி பொய் எண்டு எனக்குத் தெரியாது. நான் பதிவை நிப்பாட்டப் போறன். எல்லாருக்கும் 503."

"திருவிழா நேரத்திலையோ? உமக்கு விசரோ? சங்கம் எங்களைத் தூக்கி எறியும்."

"ஏலாது எண்டு சொன்னா அவை போன் எடுத்துக் கேப்பினம். ஓம் எண்டு பொய் சொன்னாத் துறையிலை வந்து நிப்பினம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, சேர். தவமணி அக்கா வாற நாள்."

அவர் எழும்பி அறைக் கதவைச் சாத்தினார். "நிப்பாட்டும். ஆனா காரணம் எழுதி அனுப்பாதையும்" என்றார்.

அதற்கு நான் ஓம் என்று சொல்லவில்லை. என் மேசைக்குப் போய்ப் பதிவை நிறுத்தினேன். "பதிவு நடக்கவில்லை. துறை அலுவலகத்துக்குப் போன் எடுக்கவும்" என்ற செய்தியைப் போட்டேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலம், வேலணை எல்லாம் கடந்து மடத்துவெளிக்குப் போனேன். எனக்குக் குணம் அண்ணை தேவைப்பட்டார். துறையில் இருந்த பெண்ணுக்கு நெடுந்தீவு ஆட்களைத் தெரியாது. இரைச்சலான போனில் "நான்தான் கதைக்கிறன்" என்று மட்டும் சொல்லும் ஒரு கிழவியை யாரென்று அறிந்து, அவருக்கு எந்தக் கிளினிக் என்றும் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். வழி முழுவதும் ஒரு யோசனைதான். முதலில் உதவி கேட்டுவிட்டு, பிறகு மெல்ல, ஆறுதலாக மற்றதைச் சொன்னால் என்ன? அவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கும், எனக்கும் சுகமாக இருக்கும். அந்த யோசனையோடு வேலணை வரைக்கும் ஓடினேன். அதற்குப் பிறகு அது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் பனையோலையால் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கையை நிறுத்தவில்லை. நான் வாசல் படலையடியில் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, தவமணி அக்கான்ரை பேரை நீங்கள் அழிக்கேல்லை. இண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. பிழை நான் எழுதின புரோகிராமிலை. கூட்டத்திலை நான் சொன்னது பிழை."

கட்டிக்கொண்டிருந்த முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினார்.

"தெரியும்" என்றார்.

"என்னண்ணை?"

"நான் அழிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். உமக்குத்தான் தெரியாமல் இருந்தது."

அவருடைய மனைவி குசினி வாசலில் வந்து நின்றார். "மூண்டு கிழமையா இந்த மனிசன் சந்திக்குக்கூடப் போகேல்லை. அம்மாளாச்சிக்குக் கொடியேறின அண்டு ஒவ்வொரு வருசமும் முதல் படகிலை போற ஆள். இந்த முறை வேலிக்குள்ளை நிண்டு கும்பிட்டவர். நீர் இப்ப வந்து தெரிஞ்சது எண்டு சொல்லுறீர்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குத் தாங்கச் சுலபமாக இருந்திருக்கும்.

குணம் அண்ணை ஓலையைக் கீழே வைத்தார். "மன்னிப்புக் கேக்க வந்தனீரோ, வேலைக்குக் கூப்பிட வந்தனீரோ?"

"ரெண்டுக்கும்தான். பதிவை நிப்பாட்டிப்போட்டன். சனம் போன் எடுக்குது, நீங்கள் இல்லாமல் சமாளிக்க ஏலாது. ஆனா நீங்கள் வராட்டியும் நான் சொன்னது சொன்னதுதான். பின்னேரம் சங்கத்துக்கு எழுத்திலை குடுப்பன்."

"எழுத்திலை குடுத்தா அது பைலுக்கை கிடக்கும். என்னைக் கள்ளன் எண்டது துறையிலை, சனத்துக்கு முன்னாலை. அங்கை சொல்லும் தங்கச்சி. சொன்னாப் பிறகு வந்து கதிரையிலை இருக்கிறன்."

"சொல்லுறன்."

"நாளைக்குக் காலமை?"

"நாளைக்குக் காலமை."

அங்கிருந்து நேரே குறிகட்டுவானுக்குப் போனேன். அந்தப் பின்னேரம் நானும் அந்தப் பெண்ணும் இரண்டு போனில் பதிவுகளை எடுத்தோம். ஒரே பெயரில் மூன்று பேர். ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்டால் இன்னும் குழம்பியது. காலையிலேயே பதிந்திருந்தவர்களையும் சேர்த்து ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்து உறுதி செய்தோம். நான்கு மணிக்கு எட்டுப் பெயர் கொப்பியில் இருந்தது. தவமணி அக்காவின் பெயரை நானே எழுதினேன். படகோட்டிக்கு எட்டையும் இரண்டு தரம் வாசித்தேன்.

சங்கத்துக்குக் கடிதமும் அனுப்பினேன். பணிப்பாளர் போன் எடுத்தார். "கடிதம் போகட்டும். துறையிலை போய்ச் சொல்லுறதை மட்டும் விடும் யோகா. அங்கை சொன்னா அது தீவு முழுக்கப் போகும்" என்றார்.

"அவரைப் பற்றிச் சொன்னதும் தீவு முழுக்கத்தான் போனது, சேர்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை குறிகட்டுவானில் கால் வைக்க இடமில்லை. அர்ச்சனைத் தட்டும் பூமாலையுமாக நயினாதீவுப் படகுக்குச் சனம் வரிசையில் நின்றது. வெள்ளை உடுத்து அங்குள்ள புத்த விகாரைக்குப் போகிறவர்களும் நின்றார்கள். சங்கத்துச் செயலாளர் வந்திருந்தார். "சுருக்கமாச் சொல்லி முடியுங்கோ" என்றார். குணம் அண்ணை வேட்டி சட்டையோடு அலுவலக வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

நெடுந்தீவுப் படகு வந்து கட்டியது. தவமணி அக்கா கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குணம் அண்ணையைக் கண்டதும் அவருடைய முகம் இறுகியது. நான் அலுவலகப் படியில் ஏறி நின்றேன். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான்.

என்னுடைய பெயரைச் சொன்னேன். இந்தப் பதிவு சேர்வரை எழுதியது நான் என்று சொன்னேன். தவமணி அக்கா பதிந்த பெயரை என் புரோகிராம் எழுதாமல் விட்டுவிட்டு, எழுதினேன் என்று அவருக்குச் சொன்னது என்றேன். குணம் அண்ணைக்கு அந்தப் பெயர் வரவேயில்லை, அவர் யாருடைய இடத்தையும் எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை, நான் சரியாகப் பார்க்காமல் சொன்னதால்தான் அவருடைய வேலை போனது என்றேன். வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேருக்கு விளங்கியிராது. மீதிப் பேர் தீவுச் சனம். அவர்கள் அசையாமல் கேட்டார்கள்.

தவமணி அக்கா எனக்குக் கிட்ட வந்தார்.

"பச்சைச் சரி வந்தது எண்டு நான் எல்லாருக்கும் சத்தியம் பண்ணினனான் பிள்ளை. நான் பொய் சொல்லேல்லை."

"நீங்கள் பொய் சொல்லேல்லை அக்கா. அவரும் பொய் சொல்லேல்லை. பொய் சொன்னது நான் எழுதினது."

அவர் குணம் அண்ணையின் பக்கம் திரும்பினார். "என்ன வாய் எனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வான் நிக்குது அக்கா. நேரம் போகுது, ஏறுங்கோ" என்றார் குணம் அண்ணை. வான் கதவை அவரே திறந்துவிட்டார். பிறகு வந்து கதிரையில் இருந்தார். போன் ஏற்கனவே அடித்துக்கொண்டிருந்தது.

என்னை அவர் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. என்னோடு முகம் கொடுத்துக் கதைக்க அவருக்கு ஒரு வருடம் எடுத்தது. அதை நான் குறையாக எடுக்கவில்லை. சங்கம் அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. எங்களைத் தூக்கி எறியவில்லை, ஆனால் இரண்டு கூட்டத்தில் என்னைக் குடைந்து எடுத்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. பெயரை எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்து, அதற்குப் பிறகே முதல் வரியை அனுப்பும்படி மாற்றினேன். முதல் வரி போன பிறகு பிழை வந்தால் இணைப்பையே அறுத்துவிடும்படியும், அதைப் பதிவுக் கோப்பில் பெரிதாக எழுதும்படியும் செய்தேன். போன் பக்கம் இனி இருக்கை இலக்கத்தைக் கண்டால்தான் சரி போடும். கடினமாக இருந்தது இன்னொன்று. இப்போது பதில் வர இரண்டு மூன்று செக்கன் பிந்துகிறது. முன்பு வேகத்துக்காகத்தான் என்னைப் பாராட்டினார்கள். பணிப்பாளர் தாமதத்தைக் கண்டு முகம் சுளித்தார். குறைக்க வழியில்லையா என்று மூன்று தரம் கேட்டார். பொய் சொன்னால் குறைக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

உங்களிடமும் கேட்பார்கள். இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் வேகமாக என்று. கேட்பவர்கள் எல்லோரும் உங்களிலும் பெரியவர்களாக இருப்பார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று நான் ஒரு விதி எழுதித் தரப் போவதில்லை. ஆனால் உங்கள் பதிவுக் கோப்பை வைத்து ஒரு மனிதரைக் குற்றம் சொல்லப் போகிறீர்கள் என்றால், அதற்கு முதல் அந்தக் கோப்பைச் சந்தேகியுங்கள். அந்த வரியை முழுவதும் வாசியுங்கள்.

பதிவைத் திரும்பத் திறப்பதற்கு முதல்நாள் நான் நெடுந்தீவுக்குப் போனேன். சிக்னல் ஆகக் குறைந்த இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. தவமணி அக்காவின் வீடு அப்படியான இடம். அவர் போனை வாங்கித் தன் கையாலேயே பதிந்தார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, முந்தி உடனை வந்தது. இப்ப சுத்துது?"

"இப்ப பேரை எழுதிப்போட்டுத்தான் ஓம் எண்டு சொல்லும் அக்கா. ரெண்டு மூண்டு செக்கன் பிந்தும். சனம் பொறுக்குமோ எண்டுதான் பயமாக் கிடக்கு."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"செக்கனோ? நாங்கள் கடலிலை ஒரு மணித்தியாலம் இருந்து வாற சனம் பிள்ளை. அது அவசரப்படாமல் ஆறுதலா எழுதட்டும்."